திறவாத சிப்பிக்கு விலை

வாங்குகிறவன் பொருளைப் பிரித்துப் பார்த்து, உரைத்துப் பார்த்து, நிறுத்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பான் என்பது உலகத்துச் சந்தைகளின் பொதுவிதியாயிருக்க, மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களின் மணற்கரையிலே, உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவனும் அறியாமல் வாங்குபவனும் அறியாமல், ஆயிரம் ஆயிரமாக விலை பேசி முடிக்கும் விசித்திரமான வியாபாரம் ஒன்று பல நூற்றாண்டுகளாக நடந்து வந்தது. முத்துச் சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டால் பிறகு அது ஏலத்துக்குரிய சரக்கல்ல. ஆகவே ஓட்டின் புறத்தைப் பார்த்து அகத்துக்கு விலை சொல்ல வேண்டியவனானான் வியாபாரி. அந்த வியாபாரம் ஓய்ந்து நூறு வருஷமாகிவிட்டது. ஆயினும் அதனை இப்பொழுது எடுத்துப் பேசுவதற்கு ஒரு முகாந்தரம் உண்டு. வாகன இறக்குமதி பல வருஷம் தடைப்பட்டிருந்தமையால் பழைய கார்களுக்கெல்லாம் புதுக் காரின் விலை ஏறிவிட்ட இந்நாட்டிலே, பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலி பூட்டிய கார் ஒன்று, ‘எஞ்சினில் சிறு கோளாறு’ என்ற குறிப்போடு மலிவாக வருமானால், அதனை வாங்கலாமா என்று மனம் தடுமாறும் வாலிபர்கள் மன்னாரிலும் இருக்கவே செய்வர். அவர்களுடைய தடுமாற்றத்துக்கு அவர்களுடைய கரையிலேயே ஒரு பூர்வ சரித்திரம் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

அரிப்புக்குப் போகிறவர்கள் கடலோரத்துச் செம்மண் மேட்டின்மேல் பாதி சரிந்து நிற்கும் பெரிய கட்டடமொன்றைக் காண்பார்கள். ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்பர். உண்மையில் அது இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியான பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை நேரிலே மேற்பார்வை செய்யும் பொருட்டு 1801 முதல் 1804 வரையில் கட்டுவித்த மாளிகை. அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னர், கண்டி இராச்சியத்திலே நெடுங்காலம் சிறையிருந்து தப்பிய றொபர்ட் நொக்ஸ் 1679இல் வந்து சேர்ந்ததும் இவ்வூரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே. மற்றக் காலங்களிலே நரியும் மயிலும் திரிகின்ற இந்த வறண்ட கரையில் ஒரு தேசாதிபதி தூண்கள் நிறுத்தி மாளிகை எழுப்பினார் என்றால், அதற்குக் காரணம் கரைக்கு மேற்கே கடலடியிற் கிடந்த பார்களேயன்றி வேறில்லை. பார் என்று நம் கடற்றொழிலாளர் வழங்குவது சிப்பி பற்றி வளரத்தக்க கற்பாறைத் தரையை. அப்பார்களில் சிப்பி விளைந்த வருஷத்தில் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு கூடும். விளையாத வருஷத்தில் கரை மறுபடி நரிகளுக்கே உரியதாகும். அடுத்தடுத்து மூன்று வருஷம் சலாபம் நடந்ததும் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாமற் போனதும் உண்டு.

சலாபம் நடக்கும் முறை வெகு ஒழுங்கானது. விடியற்காலத்துத் தரைக்காற்றோடு பாரை அடையும் படகுகளிலிருந்து, கல்லைக் கட்டிய கயிற்றில் காலை ஊன்றிக் குளியாட்கள் இறங்குவார்கள். கீழக்கரை, தூத்துக்குடி முதலான மறுகரை ஊர்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் ஒருபுறம், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள் மற்றொருபுறம். சுறாமீனின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதிய கடற்கட்டிக்கும் அந்நாட்களிலே சர்க்கார் சம்மதத்தோடு ஒரு ஸ்தானம் இருந்தது. பிற்பகற் கடற்காற்றிலே பாய் விரித்துத் திரும்பும் படகுகள் கொண்டுவந்த சிப்பி முழுவதும், கம்பு நாட்டி அடைத்த ‘கொட்டு’ எனப்படும் சர்க்கார்க் கொட்டகைக்குள் செல்லும். அங்கே ஒவ்வொரு படகின் குளியாட்களும் தங்கள் சிப்பியை மூன்று சம குவியல்களாகக் குவிப்பார்கள். எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு என்பதை உத்தியோகத்தரே சுட்டிக் காட்டுவார், எஞ்சியது குளித்தவர்களுக்கு. குவித்தவனுக்குத் தெரிவு செய்யும் உரிமை இல்லாதபடியால், நல்லதை ஒரு குவியலிலும் நொய்யலை மற்றொன்றிலும் ஒதுக்கிவைக்க எவனுக்கும் மனம் வராது. நீதி சாஸ்திரங்களில் ஏறாத இந்தச் சிறு யுக்தியை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னாளில் பிரசித்தி பெற்ற எழுத்தாளராகிய லெனார்ட் வுல்ப், யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் உத்தியோகத்தராயிருந்த காலத்தில், 1906இல் மரிச்சுக்கட்டிக் கொட்டிலே இந்தப் பங்கீட்டை இரவும் பகலுமாக மேற்பார்த்தவர்களில் ஒருவர்.

அரசாங்கத்தின் பங்கு இரவிலே ஏலமாகும். ஏலத் தொகை ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. விளக்கொளியிலே நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும், காயற்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்களும், பம்பாயிலிருந்து வந்த பெரிய வியாபாரிகளும் அமர்ந்திருக்க, ஒருவரும் கண்ணாற் கண்டிராத முத்துக்களுக்கு விலை ஏறிக்கொண்டே போகும். இதனைச் சூதாட்டம் என்று எழுதிவைத்த வெள்ளைக்காரப் பிரயாணிகள் பலர். அது பாதியே சரி. ஏனென்றால் அந்த ஏலத்துக்கு மாதங்களுக்கு முன்னரே ஒரு பரீட்சை நடந்து முடிந்திருக்கும். பார்ப் பரிசோதகர் குறித்த பார்களிலிருந்து ஆயிரக்கணக்கான சிப்பிகளை எடுப்பித்து, கரையில் அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்களைக் கண்களின் பருமன் வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளிலே வரிசையாகச் சலித்து, தரம் பிரித்து, தேர்ந்த வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடச் செய்வார். அந்த மதிப்பை ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அரசாங்கம் முன்கூட்டியே பிரசித்தம் செய்யும். முத்தின் விலை எடையோடு சமமாக ஏறுவதில்லை. எடையின் வர்க்கத்தோடு ஏறுவது. ஆகையால் ஆயிரத்தில் ஒரே ஒரு பெரிய ஆணிமுத்து அகப்படுவது, மற்றத் தொள்ளாயிரத்துச் சொச்சம் சிப்பியின் வெறுமையை ஈடு செய்துவிடும். மாதிரி சிறிதாயின் அந்த ஒன்று அகப்படாமலும் போகும், அகப்பட்டு ஆளை மயக்கவும் செய்யும். மாதிரி பெரிதாயிருக்க வேண்டும், பாரின் ஒரு மூலையிலிருந்து மட்டும் எடுத்ததாயிருக்கலாகாது, எடுப்பவன் விற்பவனின் ஆளாயிருந்தாலும் மதிப்பிடுபவன் வேறாளாயிருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் இக்கரை வியாபாரிகள் எந்தப் புள்ளிவிவர நூலையும் படியாமலே அறிந்திருந்தார்கள்.

கொட்டின் வாசலுக்கு வெளியே வேறொரு சந்தை. தன் மூன்றிலொரு பங்கைச் சுமந்துகொண்டு வெளியே வரும் குளியாளைச் சில்லறை வாங்குவோர் மொய்த்துக்கொள்வார்கள். ஒரு ரூபாய்க்கு இத்தனை என்று எண்ணிக் கொடுத்துவிட்டு அவன் காசை மடியிற் கட்டிக்கொண்டு போய்விடுவான். வேடிக்கை பார்க்க வந்த கச்சேரிச் சேவகனும், தேநீர்க்கடைக்காரனும், மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்த ஏழைக் கிழவியும் அங்கேதான் பத்துச் சிப்பி வாங்கிப் பிளந்து பார்த்துப் பெருமூச்செறிவார்கள். இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. பாரின் இயல்பையும் சிப்பியின் வயதையும் மற்றெவரினும் நன்றாக அறிந்தவன், கடலடியிற் கைவைத்துப் பறித்தவனாகிய அந்தக் குளியாள். அவனோ பெரும்பாலும் தன் பங்கைத் திறந்து பார்க்காமலே விற்றான். அறியாதவன் ஆசையோடு வாங்குகிறான், அறிந்தவன் அவசரமாக விற்கிறான் என்னும் நிலை எந்தச் சந்தையிலே காணப்பட்டாலும் வாங்குகிறவன் சற்றே நின்று யோசிப்பது உத்தமம். குளியாளுக்கு அன்றாடச் சோற்றுக்குக் காசு வேண்டியிருந்தது, அதனால் விற்றான் என்று சமாதானம் கூறலாம், அதுவும் உண்மையே. ஆனால் கையிருப்பு இருந்த படகுச் சொந்தக்காரராகிய சம்மாட்டிமாரும் அநேகமாக அப்படியே செய்தார்கள்.

மொத்தமாக வாங்கியவனின் கதி வேறு. வாங்கிய சிப்பியை வள்ளங்களிலும் தொட்டிகளிலும் இட்டு ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிட வேண்டும். ஈயும் புழுவும் தசையைத் தின்றுதீர்த்த பின்னர், கடல்நீரை ஊற்றி ஊற்றிக் கழுவி, அடியிலே தங்கிய சேற்றைத் துணியிலே வடித்து உலர்த்தி, பெண்களும் சிறுவர்களும் மணல்மணலாக ஆராய வேண்டும். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத பிரயாணி ஒருவருமில்லை. பணம் கொடுத்த நாளுக்கும் லாபநஷ்டம் தெரியும் நாளுக்கும் இடையிலே கிடந்த அந்தத் துர்க்கந்தமான நாட்களில் வியாபாரியின் மனநிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை, பழுதான எஞ்சினைக் கராஜிலே கழற்றிப் போட்டுவிட்டு மெக்கானிக் பாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் இக்காலத்து மனிதன் ஒருவாறு உணரக்கூடும்.

பார்களிலே பெரிய பார் என்பது ஒன்று. கரையோர மக்கள் அதனைத் தாய்ப் பார் என்று கருதினார்கள். அங்கேதான் குஞ்சுச் சிப்பிகள் முதலில் தோன்றும், பின்னர் மறைந்து வேறு பார்களுக்குப் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1891ஆம் வருஷத்துச் சலாபத்துக்குப் பின் பத்து வருஷத்துக்கு மேலாக ஒன்றும் விளையாமற்போகவே, இலங்கை அரசாங்கம் லிவர்பூல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹேட்மன் என்னும் விலங்கியல் பேராசிரியரை வரவழைத்தது. அவர் 1902ஆம் வருஷ ஆரம்பத்தில் வந்து, ஜேம்ஸ் ஹோணெல் என்பவரைத் துணையாகக் கொண்டு பார்களை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கைகளை லண்டன் ராயல் சங்கம் 1903 முதல் 1906 வரையில் ஐந்து பாகங்களாக வெளியிட்டது. பெரிய பாரைப் பற்றி அவர் கண்டது இது: 1880க்குப் பின் அங்கே பதினொரு முறையாயினும் குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்கிற் பற்றியிருக்கிறது, ஒரு முறையேனும் அவை முதிர்ந்து சலாபத்துக்கு வரவில்லை. அவை வேறெங்கும் குடிபெயர்ந்து போகவுமில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் அப்பாரின்மீது நேராக மோதுவதால், மணல் மூடியும் அலை வாரியும் அழிந்துபோயின. பார்வைக்கு எல்லாப் பார்களினும் செழிப்பானது. பயனிலே எல்லாவற்றினும் பொய்யானது. அதனை வாங்க ஒருவன் பணத்தோடு வந்திருந்தால், குஞ்சுகளின் தொகையைக் காட்டியே அவனிடம் விற்றுவிட்டிருக்கலாம்.

உண்மையிலே அதைவிடப் பெரிய விற்பனை ஒன்று நடந்தது. 1903இலும் 1904இலும் வருஷத்துக்கு 4 கோடி அளவில் சிப்பி எடுக்கப்பட்டது. 1905இலோ 8 கோடிக்கு மேல்; அரசாங்கத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சலாபம் இலங்கை காணவில்லை. மரிச்சுக்கட்டி மணலிலே பல்லாயிரம் ஜனங்கள் குடியேறி, தெருக்களும் கடைகளும் வைத்தியசாலையும் நீதிமன்றமும் கொண்ட நகரமொன்று சில வாரம் வாழ்ந்து மறைந்தது. அந்தப் புகழ் லண்டனை எட்டிய வேளையிலே, அங்கே உருவான ‘சிலோன் கொம்பனி ஒவ் பேர்ள் பிஷர்ஸ்’ என்னும் சங்கத்தார், பார்கள் முழுவதையும் 1906 முதல் 20 வருஷத்துக்கு, வருஷம் 3,10,000 ரூபாய் வாடகைக்குக் குத்தகை எடுத்தார்கள். கணக்கைப் பார்த்தால் மலிவு: ஒரே வருஷத்து வருமானத்தில் எட்டிலொரு பங்குதானே வாடகை! அக்காலத்திலே அரசாங்கம் ஏமாந்துவிட்டது என்று நினைக்கவும் இடமிருந்தது. 1906ஆம் வருஷச் சலாபம் நன்றாகவே நடந்தது. 1907இல் விளைவு வெகுவாகக் குறைந்தது. அதன்பின் பார்கள் மூடிக்கொண்டன. சிப்பியில்லாத கடலுக்கு வாடகை கட்டிச் சலித்த சங்கம் குத்தகைக் காலம் பாதி கழியுமுன்னே கலைந்தது. 1925இலே ஒருமுறை அரசாங்கமே சலாபம் நடத்தியது; அதுவே கடைசிப் பெருஞ் சலாபம். அதற்குள் ஜப்பானியரான மிக்கிமோட்டோ வளர்த்த முத்து ஐரோப்பியக் கடைகளில் ஏறிவிட்டது.

சங்கத்தார் மூடர்களல்லர். ஹேட்மனுடைய விஞ்ஞான ஆலோசனை அவர்களுக்கு இருந்தது; குஞ்சுச் சிப்பிகளைக் கெட்ட பாரிலிருந்து நல்ல பாருக்குப் பெயர்த்து வளர்க்கும் திட்டமும் இருந்தது. அவர்கள் செய்த பிழை ஒன்றே. கடலின் மிகச் சிறந்த வருஷத்தைக் கண்ட கண்ணோடு வந்து, அந்த வருஷத்தை மாதிரியாகக் கொண்டு, 20 வருஷத்துக்கு விலை பேசினார்கள். முத்து வியாபாரியோ ஓர் ஆயிரம் சிப்பி கெட்டால் மறுநாள் ஏலத்துக்கு வராமல் விடலாம். அவன் இழப்பது கொடுத்த விலையை மட்டும். குத்தகைக்காரன் கெட்ட பாரைத் தன் செலவிலே சீர்ப்படுத்தும் கடமையையும் சேர்த்து வாங்கினான். மூடிய பொருளை வாங்குவதில் இவ்விரண்டும் வெவ்வேறு ஜாதி வியாபாரங்கள் என்பதை மறந்தவர்களுக்கே நஷ்டம் பெருகுகிறது.

முத்து ஓய்ந்த கரைக்கு எஞ்சின் வந்த கதையை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் தலைமன்னார்த் துறையும் தனுஷ்கோடிக் கப்பலும் ஏற்பட்டு, ரயிலிலே கொழும்பும் சென்னையும் இணைந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களின் கலவரத்தோடு நின்றது. கடலிலே பாயும் துடுப்பும் மெல்ல மெல்ல வெளியிணைப்பு எஞ்சினுக்கு இடங்கொடுத்தன. இன்று பேசாலையிலோ பள்ளிமுனையிலோ பழைய படகு எஞ்சின் ஒன்றை வாங்குபவர் அதைத் தண்ணீர் நிறைத்த பீப்பாயிலே இறக்கி, ஓடவிட்டு, சூடேறும்வரை நின்று, நிறுத்தி, மறுபடி இழுத்துப் பார்த்துத்தான் விலை கேட்கிறார். உப்பு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெளிப் பூச்சிலே தெரியாதல்லவா? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, இப்படிச் சோதித்து வாங்கிய நல்ல எஞ்சின்களும் கரையிலே கவிழ்ந்து கிடந்தன என்பது வேறு விஷயம்.

தரையிலே நடந்தது சற்று விரித்துச் சொல்லத்தக்கது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின், புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னிப் பெருநிலத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெற்றோல் போகத் தடை விதிக்கப்பட்டது. தீவுப்பகுதி அரசாங்கத்தின் கையிலும், மடு, அடம்பன், விடத்தல்தீவுப் பக்கம் தடைக்குள்ளும் அகப்பட்டுக்கொள்ள, மன்னார் மாவட்டமே இரண்டாயிற்று. தடைக்குள் இருந்தோர் மட்டுப்பாடாகக் கிடைத்த மண்ணெண்ணெயிலே கார் ஓட்டினார்கள். ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குப் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். புதிய ஜப்பானிய வண்டிகள் இதற்கு இணங்கவில்லை. ஒஸ்டின் ஏ-40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய 1950களின் ஆங்கில வண்டிகளே இணங்கின. அவற்றின் அமுக்கம் 7க்கு 1 என்ற தாழ்ந்த அளவினதாகையால் தரங்குறைந்த எரிபொருளும் தட்டுச் சத்தமின்றி எரிந்தது. எண்ணெயோடு மண்ணெண்ணெய் கலந்து எஞ்சின் தேய்ந்தால், வேப்பமரத்தடியிலே சாக்கு விரித்து, நான்கு சாவியோடு தலையைக் கழற்றி, வளையத்தை மாற்றி, வால்வைத் தேய்த்துப் பூட்டிவிடுவார் ஊர் மெக்கானிக். அந்தக் காலத்திலே ஒரு பழைய கார் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கேட்டவர் குறைவு. எங்கே வைத்துத் திறக்கலாம், யார் திறப்பார் என்பதே கேள்வி. முத்துச் சிப்பிக்கு நேர்மாறான பொருள் இது. எத்தனை முறை திறந்தாலும் மூடி மறுபடி ஓட்டலாம்.

சுழலி எஞ்சினோ மீண்டும் சிப்பியின் இனத்தைச் சேர்ந்தது. ஜெர்மானியராகிய பேலிக்ஸ் வாங்கெல் கற்பனை செய்து, என்.எஸ்.யூ. கம்பெனியார் 1957இல் முதன்முதலாக ஓடவிட்ட இந்த யந்திரத்திலே, மேலும் கீழும் பாயும் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. நீள்வட்டம் போன்ற உறைக்குள் முக்கோணச் சுழலி ஒன்று உருண்டு சுற்ற, அதன் மூன்று முகங்களிலும் இழுத்தலும் அமுக்கலும் எரிதலும் வெளியேற்றலும் தொடர்ந்து நடக்கின்றன. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் உறையோடு உரசிச் செல்லும் மெல்லிய அடைப்பு உண்டு. வண்டியின் ஆயுள் முழுவதும் அந்த மூன்று மெல்லிய தகடுகளின் கையிலே. 1967இல் என்.எஸ்.யூ. விற்பனைக்கு விட்ட ஆர்.ஓ.-80 என்னும் கார், மறுவருஷம் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்றது. அதே வேகத்திலே முனையடைப்புகள் தேய்ந்து, எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவாதத்தின்மேல் மாற்றப்பட்டு, கம்பெனி 1969இல் வேறொன்றோடு இணையவேண்டியதாயிற்று. வீதியிலே எதிர்ப்படும் ஆர்.ஓ.-80 சாரதிகள், இது எனக்கு எத்தனையாவது எஞ்சின் என்பதை விரலால் காட்டிக்கொள்வார்கள் என்ற பரிகாசம் இன்றும் வழங்குகிறது.

ஹிரோஷிமாவிலே மாஸ்டாவின் பொறியியலாளரான கெனிச்சி யமமோட்டோவும் அவருடைய கூட்டத்தாரும், உறையிலே விழுந்த அலையலையான கீறல்களை அசுரன் நகக்கீறல் என்று பெயரிட்டு வருஷக்கணக்காக அதனோடு போராடி, 1967 மே மாதத்தில் கொஸ்மோ காரை வெளியிட்டார்கள். பின்வந்த ஆர்.எக்ஸ்.-7 உலகப் புகழ் பெற்றது. 1991இல் அவர்களுடைய சுழலி பூட்டிய ஓட்டக் கார் லெமான் பந்தயத்திலே முதலாவதாக வந்தது. 2003 முதல் 2012 வரை செய்யப்பட்ட ஆர்.எக்ஸ்.-8 ஒன்றே இன்று நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை கைநீட்டக்கூடிய விலையிலே இலங்கையில் எப்போதாவது எதிர்ப்படும் சுழலிக் கார். ஒவ்வொன்றும் 654 கன சென்டிமீற்றர் கொண்ட இரண்டு சுழலி; 9,000 சுற்றுவரை தயக்கமின்றிப் பாயும் வேகம். அதன் மோகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்த ஓசையைக் கேட்டவர்களுக்கு மற்ற எஞ்சின்கள் கிழட்டுத்தனமாகத் தோன்றும்.

ஆயினும் ‘சூடானால் ஸ்டார்ட் வரக் கொஞ்சம் சுணங்கும், மற்றும்படி ஒரு பிழையுமில்லை’ என்று விற்பவர் சொல்வாரானால், முத்துக் கொட்டின் வாசலை நினைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எளிதில் எழும்பி, ஓடிச் சூடானபின் எழும்ப மறுப்பது முனையடைப்பு தேய்ந்து அமுக்கம் குறைந்ததற்கு முதன்மையான அறிகுறி. அதுவே நிச்சயமான சாட்சி என்றும் சொல்லக்கூடாது. இந்த வண்டியிலே ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டாக நான்கு பொறிக்கட்டைகளும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுருளும் உண்டு. சுருள் கெட்டாலும், ஸ்டார்ட்டர் மோட்டார் களைத்தாலும், பற்றரி தளர்ந்தாலும் வண்டி இதே போல முரண்டு பிடிக்கும். அவை மாற்றத்தக்க சில்லறைப் பிழைகள். ஒரே அறிகுறியின் பின்னே சில்லறைச் செலவும் நிற்கலாம், முழு எஞ்சினின் செலவும் நிற்கலாம் என்பதுதான் இந்த வியாபாரத்தின் முடிச்சு.

முடிச்சை அவிழ்க்க மாதிரி எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அமுக்கச் சோதனை என்பது அதன் பெயர். ஆனால் பிஸ்டன் காருக்கு வழங்கும் சாதாரண அளவியை இங்கே பூட்டினால், அது மூன்று முகங்களில் மிக நல்ல முகத்தின் அழுத்தத்தை மட்டும் காட்டி நிற்கும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. சங்கத்தார் 1905ஆம் வருஷத்தைப் பார்த்தது போன்ற பார்வை அது. சுழலிக்கென்றே செய்த அளவி, முகத்துக்கு ஒன்றாகச் சுழலிக்கு மூன்று, ஆக ஆறு எண்களைத் தரும். எஞ்சின் சூடாயிருக்கையில், நிமிஷத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்குத் திருத்திய கணக்கிலே, 830 கிலோபாஸ்கல் என்பது கம்பெனி வகுத்த நல்ல அளவு. 680க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது. ஒரே சுழலியின் முகங்களுக்கிடையே 150க்கு மேலும், இரண்டு சுழலிகளுக்கிடையே 100க்கு மேலும் வித்தியாசம் இருக்கலாகாது. சோதனைக்குச் சற்று முன்பு பொறிக்கட்டைத் துவாரம் வழியே எண்ணெய் ஊற்றினால் எண்கள் சிறிது நேரத்துக்கு உயர்ந்து காட்டும். ஆகையால் வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு போய், நாம் தெரிந்தெடுத்த கராஜிலே, நாம் பார்த்துக்கொண்டிருக்கச் சோதிப்பது அவசியம். பார்ப் பரிசோதகரின் மாதிரியை வேறு வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவித்த பழைய வழக்கமும் இதே அச்சத்திலிருந்து பிறந்ததே. அளவி வைத்திருப்பவர் மன்னாரிலோ வவுனியாவிலோ அகப்படுவாரென்று நம்பிப் புறப்பட முடியாது. கொழும்புப் பக்கத்திலேயே தேட வேண்டும்.

எண்கள் நன்றாக வந்தாலும் நம் கரையைப் பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. மன்னார்த் தீவின் நீளமே 26 கிலோமீற்றர் அளவு. காலையிலே வண்டியை எடுத்துப் பத்து நிமிஷத்தில் சந்தையிலே நிறுத்தி, மறுபடி எடுத்துப் பள்ளிக்கூட வாசலிலே நிறுத்தும் வாழ்க்கை இந்த எஞ்சினுக்கு ஆகாது. சூடேறாமல் நிறுத்தினால் உறைக்குள் பெற்றோல் தேங்கிப் பொறிக்கட்டையை நனைத்துவிடும். மெதுவாகவே ஓட்டினால் கரி படிந்து அடைப்புகளை இறுக்கும். முனையடைப்புகளை நனைப்பதற்காக எஞ்சின் தானே சிறிதளவு எண்ணெயை எரிப்பதும் இயல்பு. அதனைப் பழுதென்று எண்ணி ஊற்றாமல் விட்டவர்களும் உண்டு. மே, ஜூன் மாதங்களின் வெயிலிலே தள்ளாடி என்னுமிடத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் நின்றால், குளிர்நீர் சுற்றில் உள்ள சிறு குறையும் பெருங்குறையாகும். ஒருமுறை கொதித்த சுழலி எஞ்சினைத் தலையைக் கழற்றிச் சமன்செய்து பூட்ட வழியில்லை. முழுவதையும் அடுக்கு அடுக்காகப் பிரித்தாக வேண்டும். ஏ-40க்கு வேப்பமரத்தடி போதுமாயிருந்தது. இதற்கு 300 கிலோமீற்றர் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பும் செலவு முதலில்.

என்னைக் கேட்டால், அளவி வைக்க விற்பவர் இணங்காத வண்டியைப் பற்றி மேலும் பேசவேண்டியதில்லை. இணங்கி, எண்கள் 680க்கு மேலே நின்றால், சுருளும் பொறிக்கட்டையும் புதிதாக மாற்றும் பணத்தைக் கழித்து, வவுனியாவுக்கும் கொழும்புக்கும் நெடுக ஓடும் தேவை இருப்பவர் வாங்கலாம். எண்கள் கீழே நின்றால், எஞ்சினே இல்லாத வண்டிக்கு என்ன விலையோ அதற்குமேல் ஒரு சதமும் சொல்லலாகாது. எஞ்சின் எப்படியும் திறக்கப்படத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, சரிபார்த்த எஞ்சினின் விலையையும் ஏற்றியிறக்கும் கூலியையும் முன்னதாகவே எழுதி வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். இறக்குமதித் தடையைக் காட்டி விற்பவர் விலையை உயர்த்துவார். 2020 மார்ச்சில் விழுந்த தடை தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலே தளர்ந்துவிட்டது. ஆனால் இத்தனை பழைய வண்டிக்குப் புதிதாக ஜோடி ஒன்று இறங்கப்போவதில்லை என்பதால் அவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. அந்த நியாயம் வண்டியின் உடலுக்குத்தான். உள்ளே தேய்ந்த தகடுகளுக்கு அல்ல.

ஆர்.ஓ.-80 வைத்திருந்த ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் சிலர் கடைசியிலே சலித்து, சுழலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போர்ட் கம்பெனியின் சாதாரண நாலு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டிக்கொண்டார்கள். இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்று சொல்லும் கராஜ்காரர்கள் இருப்பார்கள். செய்யலாம், அப்போது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலே மாற்றிப் பதிவு செய்ய வேண்டும், காப்புறுதிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். ஆயின் பெருந்தொகை செலவிட்டுச் சாதாரண எஞ்சின் பூட்டிய சுழலிக் காரைவிட, அந்த எஞ்சினோடு பிறந்த சாதாரணக் கார் ஒன்று மன்னார்ச் சந்தையிலேயே கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டே அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.